வராந்தாவில் எனக்கொரு மெத்தை நாற்காலி

விழாவுக்குத் தலைமை தாங்கி நடுநாயகமாக வீற்றிருக்கும் பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, நான் என்ன பேசப்போகிறேனோ என்று இப்போதே நிகழ்ச்சி நிரலை மடித்து விசிறத் தொடங்கிவிட்ட தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! சுண்ணத்தூளைச் சுவாசித்துச் சுவாசித்தே சொல்லித்தரும் ஆசிரியப் பெருமக்களே! பெற்ற பிள்ளை மேடையேறும் ஒரு நிமிடத்துக்காக மாலையெல்லாம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் கை கடுத்துப்போன தாய்மார்களே! கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து, 'இந்தம்மா எப்ப முடிப்பாங்க' என்று கடிகாரம் பார்க்கும் தந்தைமார்களே! முன்வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, 'அம்மா, மானத்தை வாங்காதே' என்று கண்ணாலேயே என்னை எச்சரிக்கும் என் மகளே! அவளுடைய வகுப்புத் தோழர்களே, தோழிகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'ரெண்டே வார்த்தை பேசிட்டு இறங்கிடுங்கம்மா' என்று சொல்லித்தான் என்னை மேடையேற்றினார்கள். இரண்டே வார்த்தைதான் வேண்டுமென்றால் இதோ: நாற்காலி வேண்டாம். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் திமிர் பிடித்தவள் என்பீர்கள். ஆகவே காரணத்தையும் சொல்லிவிட்டே இறங்குகிறேன். கல்லூரி நாளில் பேச்சுப் போட்டிக்குப் போனால் கோப்பையோடு திரும்பியவள் நான். அது தெரியாமல் என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தது உங்கள் தவறு.

அதோ பாருங்கள், மேடையின் ஓரத்தில் பளபளவென்று நிற்கிறது நாற்காலி. சாய்ந்துகொள்ள முதுகு உண்டு. சரிந்துகொள்ளக் கைப்பிடி உண்டு. சிவப்புத் துணி போர்த்திய மெத்தை உண்டு. முதுகுப்புறத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் 'அர்ப்பணிப்பே உருவான அன்னைக்கு' என்று பொறித்திருக்கிறார்கள். சற்றுமுன் வரவேற்புரையில் அம்மையார் என்ன சொன்னார்? "பள்ளி வராந்தாவில் மடக்கு நாற்காலியில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து, முதுகு வலிக்க வலிக்கத் தன் மகளைக் காத்துவரும் தாய்க்கு, இனி முதுகு வலிக்காதிருக்க இந்தப் பரிசு" என்றார். நீங்களும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். சில தாய்மார்கள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டீர்கள்.

எனக்கோ தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நான் கேட்டது என்ன, நீங்கள் கொடுத்தது என்ன? வராந்தாவிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று வாய் வலிக்கக் கேட்டேன். நீங்களோ வராந்தாவில் வசதியாக உட்காரச் சொல்கிறீர்கள். சிறையில் இருப்பவர் விடுதலை கேட்டால் தலையணை கொடுத்து அனுப்புவதா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

என்னை வராந்தாவில் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று அறிந்தவர்கள் சிலரே. சொல்கிறேன். என் மகளுக்குப் பிறவியிலேயே தசைகள் தளர்ந்தவை. நடக்க முடியாது, கைகளை ஓரளவு அசைப்பாள், மூச்சு தடையின்றிப் போய்வரக் கழுத்தில் துளையிட்டு ஒரு சிறு குழாய் பொருத்தியிருக்கிறார்கள். மூளையோ எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து அவளுக்கே வாய்த்திருக்கிறது. கணக்கு வாத்தியார் தலையாட்டுகிறார், பாருங்கள். அந்தக் கழுத்துக் குழாயில் அவ்வப்போது சளி சேரும். சேர்ந்தால் மெல்லிய குழல் ஒன்றை உள்ளே செலுத்தி, சின்ன இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்தால் அடுத்த நொடி விட்ட இடத்திலிருந்து வம்பளப்பைத் தொடர்வாள். எடுக்காவிட்டால்... அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

குழாயின் வாயில் பேச்சு வால்வு மாட்டினால் அவளுக்கு மெல்லிய குரல் வரும், சளி சேர்ந்த நேரத்தில் அந்தக் குரலும் எழாது. ஆகவே விரலில் ஒரு மோதிரம் போட்டுவிட்டோம். சக்கர நாற்காலியின் முன்பலகையில் அந்த மோதிரத்தால் தட்டுவாள். டொக், டொக். வகுப்பே அமைதியாகிவிடும். அதனால் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? அடேயப்பா, எத்தனை குரல்! ஆம், நீதிபதி! 'நீதிபதி தட்டிட்டாங்க, எல்லாரும் உட்காருங்க' என்று சொல்லிச் சிரிப்பார்கள். இயந்திரம் கொர்ரென்று இரைந்தால் முதல் வாரம் எல்லாத் தலையும் திரும்பியது. இப்போது ஒரு தலைகூடத் திரும்புவதில்லை. வரலாற்று ஆசிரியை மட்டும் தம் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்கிறார். பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள் ஐயா. பெரியவர்களைத்தான் பழக்க முடியவில்லை!

இவளைச் சேர்க்க வந்த நாளில் அம்மையார் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "எங்க ஸ்கூல்ல எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதாம்மா. வித்தியாசமே பார்க்க மாட்டோம்" என்றார். நெகிழ்ந்துபோனேன். அடுத்த மூச்சிலேயே, "நீங்க மட்டும் கூடவே இருந்துடுங்க" என்றார். வித்தியாசமே பார்க்காத பள்ளியில், மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகப்பை போதும். என் பிள்ளைக்கு மட்டும் பெற்றவளும் வேண்டும்!

அன்று உட்கார்ந்தவள்தான். ஒரு பக்கம் காலணி அடுக்கு. மறுபக்கம் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர்க் குழாய். எதிரே வகுப்புக் கதவின் கண்ணாடிச் சதுரம். டொக் டொக் என்றால் எழுந்து உள்ளே போவேன். கை கழுவி, கையுறை மாட்டி, உறிஞ்சி எடுத்துவிட்டு வெளியே வந்து உட்காருவேன். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ஒளிச்சேர்க்கையும் முக்கோணங்களும் எனக்கு மறுபடி மனப்பாடம். தேர்வு வைத்தால் நானும் தேறிவிடுவேன்.

எனக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் நான். இருட்டறையில் எழுத்துப் பலகையை ஏற்றிவைத்து, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்கும் வேலை. பிடித்துச் செய்த வேலை. முதல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் எதிர்க்கடைப் பலகையைச் சத்தம் போட்டு வாசிப்பவர்களின் முகம் இருக்கிறதே, அதைப் பார்க்காமல் ஏங்கிப்போயிருக்கிறேன். வெட்கப்படாமல் சொல்கிறேன். பெற்றவள் பிள்ளைக்காக எல்லாவற்றையும் துறந்தாள் என்று இனி யாரும் என்னைப் புகழாதீர்கள். நான் எதையும் துறக்கவில்லை. என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்.

கடைக்காரர் இன்னும் கேட்கிறார், "எப்பம்மா வர்ற? புதுசா வந்தவன் யாரைப் பார்த்தாலும் கிட்டப்பார்வைங்கிறான்" என்று. கண் பரிசோதித்த பழக்கத்தில் நானும் ஒன்று சொல்கிறேன். இந்தப் பள்ளி நிர்வாகத்துக்குக் கிட்டப்பார்வையும் இல்லை, தூரப்பார்வையும் இல்லை. எழுத்துப் பலகையின் முதல் எழுத்து, அந்த மிகப் பெரிய எழுத்து, அதுவே தெரியவில்லை. எந்த வில்லையைப் போட்டாலும் 'யோசிக்கிறோம்' என்றே வாசிக்கிறது!

இருங்கள் அம்மையாரே, மணியடிக்காதீர்கள். இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

இந்தப் பள்ளியில் செவிலியர் இல்லையா? இருக்கிறார். பிள்ளைகளின் நர்ஸ் அக்கா, எனக்குத் தங்கைபோல். இதோ, என் மகளுக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கிறார். இங்கே வருவதற்குமுன் பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இதே வேலையை நாள் முழுதும் செய்தவர். என் மகளின் மருத்துவரே நேரில் இங்கு வந்து, செய்முறை காட்டி, 'இவங்க தாராளமா செய்யலாம்' என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகென்ன தடை? நிர்வாகத்தின் விதி! பள்ளிச் செவிலியர் என்றால் காயத்துக்குக் கட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை, வயிற்றுவலிக்கு வெந்நீர். கழுத்துக் குழாய் என்பது மருத்துவமனைச் சமாச்சாரம். அதைத் தொடக் கூடாது. பக்கத்தில் உட்காரலாம், பரிதாபப்படலாம், தொடக் கூடாது!

எனக்குப் பல்வலி வந்தால் அவளுக்கு விடுமுறை. எனக்குக் காய்ச்சல் அடித்தால் அவளுக்கு அறிவியல் தேர்வு போச்சு. அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருக்கும் இந்த வேலை தெரியும். ஆனால் பாதி மாடியில் ஆள் மாட்டிக்கொண்டு கத்தும்போது, 'கொஞ்சம் பொறுங்க, மகளுக்குக் கணக்கு வகுப்பு' என்று சொல்லிவிட்டா வரமுடியும்? இதே மண்டபத்தில் கேட்கிறேன். எந்தப் பிள்ளையின் படிப்பாவது அவன் அம்மாவின் கடைவாய்ப் பல்லை நம்பி இருக்கிறதா? இருக்கலாமா?

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். வராந்தாவில் உட்கார்ந்தவளும் மனுஷிதானே, கழிவறைக்குப் போனேன். நான் போன நேரம் பார்த்து டொக் டொக். வகுப்புத் தோழி ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட, தங்கை ஓடிவந்தார். நான் ஈரக் கையோடு அடித்துப்பிடித்துத் திரும்பி வந்தபோது என்ன கண்டேன் தெரியுமா? கையுறை மாட்டிய இரு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கை நிற்கிறார். எதிரே இயந்திரம். எதிரே குழல். எதிரே மூச்சுக்குத் திணறும் குழந்தை. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. துடைக்கவும் கை இல்லை, கையுறை அசுத்தமாகிவிடும். நான் வேலையை முடித்தபின் தங்கை சொன்னார்: "கை பழக்கம் இருக்குக்கா. உத்தரவுதான் இல்ல. நீங்க இன்னும் ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா வேலை போனா போகட்டும்னு குழலைப் போட்டிருப்பேன்."

யோசித்துப் பாருங்கள் பெரியோர்களே! தெரிந்த கை இருக்கிறது. தேவையான கருவி இருக்கிறது. திணறுகிற குழந்தை இருக்கிறது. நடுவில் குறுக்கே படுத்திருப்பது எது? வியாதியா? தலைவிதியா? இல்லை. 'ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?' என்ற பயம்! ஐயா, ஒன்றும் செய்யாமல் நின்றால் மட்டும் ஒன்றும் ஆகாதா? செய்து ஏதாவது ஆனால் குற்றம். செய்யாமல் ஆனால் அனுதாபம். இது எந்த ஊர் நியாயம்?

அன்று மாலையே நிர்வாகக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டேன். 'தங்கைக்கு அனுமதி கொடுங்கள். தங்கைக்கும் ஒருநாள் உடம்பு முடியாமல் போகும். அதற்கு மாற்றாக இன்னும் ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுங்கள்.' இவ்வளவுதான் கேட்டேன். நிலவில் பள்ளி கட்டச் சொல்லவில்லை! 'ஆலோசிக்கிறோம்' என்றார்கள். மழைக்காலம் போனது, வெயில் காலம் போனது, ஆலோசனை போகவில்லை. போன வாரம் அம்மையார் ஒரு புன்சிரிப்போடு, "ஆண்டு விழாவுக்குக் கட்டாயம் வாங்க, உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்றே நம்பினேன். அன்று மாலையே கடைக்காரரிடம் போய், 'அடுத்த வாரத்திலிருந்து வர்றேன்' என்று சொல்லியும் வைத்தேன். வந்து பார்த்தால் சேதிக்கு நான்கு கால் இருக்கிறது!

என் கோபம் எனக்காக மட்டும் என்று எண்ணாதீர்கள். இவளுக்கு வயது பன்னிரண்டு. இவளுக்கும் இரகசியம் இருக்கும். தோழி காதோடு ஏதோ சொன்னால், இவள் கதவைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டியிருக்கிறது. மற்ற பிள்ளைகள் சேட்டை செய்தால் புகார் வீட்டுக்கு மாலைதான் போகும். இவள் சேட்டைக்குப் புகார் உடனுக்குடன் வராந்தாவுக்கு வருகிறது. போன மாதம் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம். அவர் அவளைத் திட்டாமல் வெளியே வந்து என்னைத் திட்டினார். அன்று வீட்டில் இவள், பேச்சு வால்வை மாட்டி, மெல்லிய குரலில், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: "நீ வீட்டுக்குப் போம்மா. எனக்கு நர்ஸ் அக்கா போதும். எல்லாரோட அம்மாவும் கேட்டோட போயிடறாங்கல்ல." எனக்கு வலித்தது. மறைக்கவில்லை, நன்றாகவே வலித்தது. ஆனால் சொன்னது நியாயம். தப்பு செய்து, அதை நான் அறியாமல் மறைக்கும் உரிமைகூட என் பிள்ளைக்கு இல்லையா?

ஆகவே, தாளாளர் ஐயா அவர்களே...

டொக் டொக்.

கேட்டதா? பின்வரிசைக்குக் கேட்டதா? என் பேச்சுக்குத் தாளம் இல்லை அது. என் மகள் தட்டுகிறாள்.

என்னைப் பார்க்காதீர்கள்! ஏன் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புகிறது? நான் திட்டமிட்ட காட்சி இல்லை இது. சளி நிகழ்ச்சி நிரல் பார்த்து வருவதில்லை. பதறாதீர்கள், கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதிகம் இல்லை. தேவைப்பட்டால் இந்த மேடையிலிருந்து குதித்தே வருவேன். ஆனால் அவளுக்குப் பக்கத்திலேயே தெரிந்த கை இருக்கிறதே! பாருங்கள், தங்கை எழுந்துவிட்டார். கையில் மருந்துநீர் தடவிக் கையுறை மாட்டிவிட்டார். குழந்தையைப் பார்க்கிறார், மேடையைப் பார்க்கிறார். என்னை அல்ல ஐயா. உங்களை. உங்கள் ஒரு தலையசைப்புக்காக அந்த இரண்டு கைகளும் அன்றுபோலவே அந்தரத்தில் நிற்கின்றன. ஐயா!

அசைத்துவிட்டார். எல்லாரும் பார்த்தீர்கள்தானே? அசைத்துவிட்டார்! தொடங்கம்மா தங்கச்சி.

இந்த இரைச்சல்தான் இயந்திரம். பழகிக்கொள்ளுங்கள், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. என் கையைப் பாருங்கள், மேசை விளிம்பில் இருந்தபடியே இல்லாத குழலைத் தானாகச் சுழற்றுகிறது. நான் அவள் அருகில் இல்லாமல் இதைப் பார்ப்பது இதுவே முதல்முறை. நெஞ்சோ இறங்கி ஓடிவிடச் சொல்கிறது. ஓடமாட்டேன். என் பயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

முடிந்தது. அவ்வளவுதான். சிரிக்கிறாள் பாருங்கள் கழுதை! கைதட்டல் எனக்கு வேண்டாம். அங்கே, கையுறை கழற்றுகிறாரே, அவருக்குக் கொடுங்கள்.

ஐயா, இப்போது ஒலிவாங்கியை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். இங்கே அசைந்த தலை நாளை வகுப்பறையிலும் அசையுமா? என்ன சொன்னீர்கள்? "நிர்வாகக் குழுவில கலந்து ஆலோசிச்சு..."

டொக்.

இது சளி இல்லை ஐயா! சளிக்கு இரண்டு தட்டு. ஒரே தட்டு என்றால் 'ஆட்சேபம்'. வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். சிரியுங்கள், மண்டபமே சிரியுங்கள். தாளாளர் ஐயாவும் சிரித்துவிட்டார். சொல்லுங்கள் ஐயா, உரக்க. "சரிம்மா. நாளையிலேர்ந்து நர்ஸம்மாவே பார்க்கட்டும். பொறுப்பு என்னோடது." எல்லாருக்கும் கேட்டதா? கடைசி வரிசைத் தந்தைமார்களே, கேட்டதா? இத்தனை செவிகள் கேட்டிருக்கின்றன ஐயா. இனி மறந்துவிட்டேன் என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை.

தங்கைக்கு உடம்பு முடியாத நாளில் யார்? அங்கே ஒரு கை உயர்ந்திருக்கிறதே. கணக்கு வாத்தியாரா! "எனக்குச் சொல்லிக்குடுங்க, கத்துக்கறேன். ஆனா மொதல் தடவை நீங்க யாராச்சும் பக்கத்துல நிக்கணும்" என்கிறார். நிற்போம் சார். நானும் முதல்முறை நடுங்கிக்கொண்டேதான் செய்தேன். நடுங்கிய கைதான் பழகும். கட்டிக்கொண்ட கை ஒருநாளும் பழகாது.

நிறைவாக, இந்த நாற்காலி. திருப்பித் தருகிறேன் என்று வருந்தாதீர்கள் அம்மையாரே. நல்ல நாற்காலி. தகட்டை மட்டும் கழற்றிவிட்டு வகுப்பறைக்குள் கொண்டுபோய் என் மகளுக்கு அருகில் போடுங்கள். தங்கை உட்காரட்டும். அவருக்கும் முதுகு உண்டு. வராந்தாவில் நான் உட்கார்ந்த இடத்தில் காலணி அடுக்கைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை என்று அங்கே உட்கார்ந்தே கண்டுபிடித்தவள் நான்.

நாளைக் காலை நானும் உங்களைப்போல் வாயிற்கதவு வரை வருவேன், தாய்மார்களே. பையை மாட்டிவிடுவேன். திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், அதற்கு மட்டும் கேலி செய்யாதீர்கள். பிறகு கடைக்குப் போவேன். புதிதாக வந்தவன் கிட்டப்பார்வை என்று சொல்லி அனுப்பியவர்களையெல்லாம் மறுபடி உட்காரவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வார்த்தை கேட்ட இடத்தில் இத்தனை பேசியும் பொறுத்துக்கொண்ட பேரவைக்கு நன்றி. தலையசைத்த தலைமைக்கு நன்றி. அந்தரத்தில் நின்ற கைகளைக் கீழே இறக்கிய தங்கைக்கு, ஆயுளுக்கும் நன்றி. உங்கள் எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு மட்டும் வணக்கம் இல்லை. நீங்கள் எல்லாரும் வாயிலில் நின்று தினமும் சொல்கிறீர்களே, நான் இதுவரை ஒருநாளும் சொல்ல வாய்க்காத அந்த வார்த்தையை, நாளைக்காக இன்றே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்:

சாயங்காலம் பார்க்கலாம், கண்ணு!